எந்தக் கணிதத்தில் சேரட்டும், மாமா?



கணிதத்தைப் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை. நான் வரலாறு படித்த கலைப் பட்டதாரி. இருபது ஆண்டுகளாக மதரஸாவில் ஓதிக்கொடுத்து வருபவன். ஆயினும் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. தகுதியில்லாமலேயே ஒரு கணிதக் கேள்விக்கு நான் விடை சொல்லிவிட்டேன். அந்த விடையைத் திரும்பப் பெற மூன்று வாரங்கள் ஆயின. என் பிழையைத் தாங்கள் அறிந்துகொண்டால், தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பயன்படக்கூடும்.

என் லாத்தாவின் குடும்பம் கனடாவில் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் வாழ்கிறது. மச்சான் லாரி ஓட்டுகிறார். மூத்த மகளுக்கு 2024ஆம் ஆண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அவ்வாண்டு ஜூலை மாதம் ஒரு நாள், சுபுஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய நேரம், தொலைபேசி ஒலித்தது. அங்கே முந்தைய நாளின் இரவு எட்டு மணி.

“மாமா, முதலாண்டில் நுண்கணிதத்துக்கு மூன்று விதமான வகுப்புகள் இருக்கின்றன. உம்மா எளியதை எடு என்கிறார். வாப்பா இருப்பதிலேயே பெரியதை எடு என்கிறார். நீங்கள் பட்டம் படித்தவர், உங்களிடம் கேட்கச் சொன்னார்கள். எதில் சேரட்டும்?”

நான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. “கணக்கு நம் குடும்பத்துக்கு வராதம்மா. எளியதை எடு. நல்ல மதிப்பெண் வாங்கிக்கொள்” என்றேன்.

சற்று நேரம் மௌனம். பிறகு, “சரி மாமா” என்றாள்.

அந்த “சரி மாமா” அன்று முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இரவில்தான் காரணம் புலப்பட்டது. 1996இல் பத்தாம் வகுப்பு முடித்து, பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது என்று நான் நின்றபோது, ஆசிரியர் ஒருவர் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, “உனக்குக் கணக்கு வராது, வரலாறு எடு” என்றார். நானும் “சரி சார்” என்றேன். வரலாறு படித்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் விருப்பத்தால் வரலாற்றுக்குப் போகவில்லை. அச்சத்தால் கணிதத்தை விட்டு ஓடினேன். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே வாக்கியத்தை, அதே அலட்சியத்தோடு, கடல் கடந்திருக்கும் ஒரு பிள்ளையின் காதில் ஓதிவிட்டேன்.

மூன்று வாசல்கள்

மறுநாள் அந்த வகுப்புகளின் விவரங்களை அனுப்பும்படி மருமகளிடம் கேட்டேன். அடுத்த தெருவில் வசிக்கும் ஒரு மேல்நிலைப்பள்ளிக் கணித ஆசிரியரிடம் அவற்றை எடுத்துச் சென்றேன். இஷாவுக்குப் பின் அவர் வீட்டுத் திண்ணையில் நான் மாணவனாக அமர்ந்தேன். அவர் பொறுமையாக விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

முதல் வாசல், எம்.ஏ.டி. 135, 136 என்னும் இரண்டு அரையாண்டு வகுப்புகள். ஒன்றை முடித்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டும். உயிரியல், வேதியியல் போன்ற துறைகளுக்குச் செல்வோர் பெரும்பாலும் இதில் சேர்கின்றனர். நுண்கணிதத்தைக் கருவியாகக் கையாளக் கற்பதே இதன் நோக்கம்.

இரண்டாம் வாசல், எம்.ஏ.டி. 137. இது ஓராண்டு முழுவதும் நடப்பது. இதன் பெயரே “நிறுவல்களோடு கூடிய நுண்கணிதம்” என்பதாகும். கணக்கைப் போட்டால் மட்டும் போதாது. அது ஏன் சரி என்பதையும் எழுதிக் காட்ட வேண்டும்.

மூன்றாம் வாசல், எம்.ஏ.டி. 157. இதன் பெயரில் நுண்கணிதம் என்ற சொல்லே இல்லை. “பகுப்பாய்வு 1” என்று அழைக்கின்றனர். கணிதத்தையே தம் தனித்துறையாகக் கொள்வோருக்கு உரியது. மைக்கேல் ஸ்பிவாக் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடநூலின் வழியில், எண் என்பது என்ன என்ற இடத்திலிருந்தே தொடங்குவது.

இப்படி வகுத்து வைத்திருப்பது டொராண்டோவில் மட்டுமன்று. அதே மாநிலத்தின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலும் 127, 137, 147 என்று மூன்று படிகள் உள்ளன.

இம்மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் ஆசிரியர் விளக்கினார். 1இன் வர்க்கம் 1. 2இன் வர்க்கம் 4. அப்படியானால் 1க்கும் 2க்கும் நடுவே எங்கோ ஓர் எண்ணின் வர்க்கம் சரியாக 2 ஆக இருக்க வேண்டும் அல்லவா? முதல் வகுப்பு, “ஆம், இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்து” என்கிறது. இரண்டாம் வகுப்பு, “எந்த நிபந்தனைகள் இருந்தால் இவ்வாறு சொல்லலாம்? அவற்றைத் துல்லியமாக எழுது, அவற்றைக் கொண்டு வேறொன்றை நிறுவு” என்கிறது. மூன்றாம் வகுப்போ, “உலகில் பின்னங்கள் மட்டுமே இருந்தால் அப்படியோர் எண் கிடைக்கவே கிடைக்காது, அப்படியிருக்க, இருக்கிறது என்று நீ எந்த உரிமையில் சொன்னாய்?” என்று கேட்கிறது.

இந்த இடத்தில் நான் என்னை மறந்து, “நல்ல கேள்வி!” என்று உரக்கச் சொல்லிவிட்டேன். நாற்பத்தைந்து வயதில், கணிதத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் பாராட்டு அதுவே.

கருவியும் காரணமும்

வரலாறு படித்தவன் ஆதலால் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒரே பாடத்துக்கு ஏன் இத்தனை வாசல்கள்? தேடிப் பார்த்தபோது அந்தப் பாடத்தின் வரலாற்றிலேயே விடை கிடைத்தது.

நுண்கணிதத்தை ஐரோப்பாவில் உருவாக்கிய இருவர் நியூட்டனும் லைப்னிட்ஸும். லைப்னிட்ஸ் தம் முறையை 1684இல் வெளியிட்டார். நியூட்டனின் பிரின்சிப்பியா 1687இல் வந்தது. கோள்களின் இயக்கம் முதல் தொங்கும் சங்கிலியின் வளைவு வரை அறிஞர்கள் அக்கருவியால் கணக்கிட்டுத் தள்ளினர். விடைகள் சரியாக வந்தன. ஆனால் அக்கருவி ஏன் சரியாக வேலை செய்கிறது என்பதை எவராலும் ஐயமறச் சொல்ல இயலவில்லை. சுழியும் அல்லாத, அளவும் இல்லாத நுண்ணளவுகள் என்பவை யாவை என்று 1734இல் பாதிரியார் ஜார்ஜ் பெர்க்லி எள்ளி நகையாடினார். பிரான்சு நாட்டுக் கோஷி 1821இல் தம் பாடநூலில் “எல்லை” என்னும் கருத்தை அடித்தளமாக வைத்தார். பின்னர் ஜெர்மனியின் வயர்ஸ்ட்ராஸ் அதற்கு ஐயத்துக்கிடமற்ற சொல்வடிவம் தந்தார்.

1684க்கும் 1821க்கும் இடையே 137 ஆண்டுகள். நடுவகுப்பின் எண்ணும் 137தான். இது தற்செயலே, ஆயினும் எனக்கு மறக்காமல் நினைவில் நிற்க உதவியது.

ஆகவே, முதல் வாசலில் நுழைவோர் தாழ்ந்தவர் அல்லர். காரணம் முழுவதும் விளங்குமுன் கருவியைக் கையாண்ட பேரறிஞர்கள் சென்ற வழி அது. மற்ற இரு வாசல்களும் காரணத்தைக் கேட்டவர்கள் சென்ற வழி. எது உயர்ந்தது என்பது கேள்வியே அன்று. இந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்பதே கேள்வி.

எனக்கு இது புதிதும் அன்று. மதரஸாவில் நான் ஃபராயிழ் என்னும் வாரிசுரிமைப் பங்கீட்டுப் பாடம் நடத்துகிறேன். இறந்துபோன பெண்ணுக்குக் கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டும் இருந்தால், கணவருக்குப் பாதி. சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஆறில் ஏழு வரும்; சொத்தைவிடப் பங்கு மிகுந்துவிடும். அப்போது ஏழு பங்காக்கி, கணவருக்கு மூன்றும் சகோதரிகளுக்கு நான்கும் தருவோம். இதைப் பட்டியலாக மனனம் செய்து சரியாகப் பிரிக்கும் மாணவனும் உண்டு, “ஏன் ஏழு? யாருடைய பங்கு எவ்வளவு குறைந்தது?” என்று கேட்கும் மாணவனும் உண்டு. இருவரும் ஊருக்கு வேண்டியவர்களே.

இதைக் கேட்ட ஆசிரியர் சிரித்தார். “அல்ஜிப்ரா என்ற பெயரைத் தந்த குவாரிஸ்மியின் நூலில் பெரும் பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகள்தாம். இருபது ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கணக்கு வராது என்கிறீர்களே!” என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

ஐந்து கேள்விகள்

மூன்று வாரங்களுக்குப் பின் மருமகளை அழைத்தேன். என் சொல்லை நம்பி அவள் ஏற்கெனவே 135இல் பெயர் பதிந்திருந்தாள்.

“அம்மா, அன்று நான் சொன்னது தவறு. எளியதை எடு என்றது தவறா சரியா என்பது எனக்குத் தெரியாது. கணக்கு நம் குடும்பத்துக்கு வராது என்றேனே, அது தவறு. அதை அழித்துவிடு. இனி எதை எடுத்தாலும் அஞ்சி எடுக்காதே” என்றேன். பிறகு, நானும் ஆசிரியரும் சேர்ந்து எழுதி வைத்திருந்த ஐந்து கேள்விகளைப் படித்தேன். எந்த நாட்டில், எந்தக் கல்லூரியில் இத்தகைய தெரிவு வந்தாலும் இவை உதவும் என்று எண்ணுவதால் தங்களுக்கும் தருகிறேன்.

ஒன்று: அடுத்த ஆண்டு எந்தத் துறைக்குச் செல்ல விரும்புகிறாய்? அத்துறை எந்த வகுப்பைக் கேட்கிறது? இதைப் பிறர் வாய்க் கேட்டு நம்பலாகாது. அவ்வாண்டுக்கான பல்கலைக்கழகக் கையேட்டிலேயே படித்தறிய வேண்டும்.

இரண்டு: பள்ளியில் என்ன படித்து வந்திருக்கிறாய்? ஒன்டாரியோ மாநிலத்தின் பன்னிரண்டாம் வகுப்பு நுண்கணிதத்தில் வகையிடல் உண்டு, தொகையிடல் இல்லை. நம் பிளஸ் டூவில் இரண்டும் உண்டு. ஆகவே நம் நாட்டிலிருந்து செல்லும் பிள்ளை, முதல் வாசல் தனக்குத் தெரிந்ததே என்று எண்ணிச் சோம்பிவிடவும் கூடும். ஆனால் நிறுவி எழுதும் பழக்கம் இரு பிள்ளைகளுக்கும் புதிது.

மூன்று: வாரத்தில் உன் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? பேருந்திலும் சுரங்க ரயிலிலும் போய்வரக் கழியும் நேரம், பகுதிநேர வேலை, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எல்லாவற்றையும் கழித்துவிட்டுச் சொல். நிறுவல் எழுதும் வகுப்பு திறமையைவிட நேரத்தையே மிகுதியாகக் கேட்கும்.

நான்கு: இயலாமற் போனால் கீழ்ப்படிக்கு இறங்க வழி உண்டா? எந்தத் தேதிக்குள்? டொராண்டோவில் அதற்கு வழி வைத்திருக்கின்றனர். இறங்குவது தோல்வியன்று, தேதி தெரியாமல் இருந்துவிடுவதே தோல்வி.

ஐந்து: நீ எந்த வகுப்பில் படிக்கிறாய் என்பது வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மாமாவுக்கும் தோழியருக்கும் ஒருநாளும் தெரியவராது என்று வைத்துக்கொள். அப்போது எதை எடுப்பாய்?

ஐந்தாம் கேள்விக்கு அவள் தயங்காமல் விடை சொன்னாள். “137, மாமா. கணினி அறிவியலுக்குப் போக ஆசை. அங்கே ஒன்று ஏன் சரி என்று காட்ட வேண்டியிருக்கும் என்கிறார்கள். ஆனால் 157க்கு என்னிடம் நேரமும் இல்லை, அவ்வளவு ஆசையும் இல்லை.”

மச்சானுக்குச் சிறிது ஏமாற்றம். லாத்தாவுக்கு மிகுந்த கவலை. லாத்தாவின் கவலையை நான் குறைத்து மதிக்கவில்லை. மதிப்பெண் குறைந்தால் விரும்பிய துறையில் இடம் கிடைக்காமல் போகலாம்; உதவித்தொகை கைநழுவலாம். வெளிநாட்டில் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய் அதை எண்ணி அஞ்சுவது இயல்பே. ஆனால் அந்த அச்சம் கணக்கில் ஓர் உறுப்பாக இருக்கலாம், விடையாக இருக்கலாகாது.

வகுப்பு தொடங்குமுன் அவள் தன்னைச் சோதித்துக்கொள்ளவும் ஒரு வழி இருந்தது. 137ஆம் வகுப்புக்காக உருவாக்கப்பட்ட பாடக் காணொளிகள் யூடியூபில் யாவருக்கும் கட்டணமின்றித் திறந்து கிடக்கின்றன. அவற்றை உருவாக்கியவர் அல்போன்சோ கிராசியா-சாஸ் என்னும் ஆசிரியர். அவர் 2021இல் கொரோனாவால் இறந்துவிட்டார். அவருடைய மாணவர்கள் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றனர். ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய சொத்து எது?

அக்டோபரில் வந்த அழைப்பு

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் பெருமையோடு பேனாவை மூடியிருப்பேன். அக்டோபர் மாத இறுதியில் அவள் அழுதுகொண்டே அழைத்தாள். முதல் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. பள்ளியில் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியறியாத பிள்ளை.

“மாமா, நீங்கள் முதலில் சொன்னதுதான் சரியோ?” என்றாள்.

வாசகர்களே, அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. நான் அழித்துவிட்டதாக எண்ணிய வாக்கியம் அவள் உள்ளத்தின் ஓர் ஓரத்தில் அப்படியே இருந்திருக்கிறது.

விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்றேன். படம் எடுத்து அனுப்பினாள். வகையிட்டுப் போட்ட கணக்குகள் எல்லாம் சரியாக இருந்தன. மதிப்பெண் போனது வாக்கியங்களில். “ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு” என்று எழுத வேண்டிய இடத்தில், “ஒன்று உண்டு, அது ஒவ்வொன்றுக்கும்” என்று எழுதியிருந்தாள். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டாள்.

“ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் உம்மா உண்டு. இது சரியா?”

“சரி.”

“ஓர் உம்மா உண்டு; அவரே ஒவ்வொரு மாணவனுக்கும் உம்மா. இது?”

மறுமுனையில் அழுகை நின்று சிரிப்பு வந்தது.

அன்றுதான் எனக்கும் ஓர் உண்மை விளங்கியது. அவளுக்கு வராதது கணக்கு அன்று, வாக்கியம். அரபு இலக்கணம் ஓதிக்கொடுக்கும் எனக்கு, சொல்லின் வரிசை மாறினால் பொருள் மாறும் என்பது அன்றாடப் பாடம். அன்று முதல் வாரத்தில் இரு நாள், சுபுஹுக்குப் பின், அவள் ஒரு வரையறையைத் தமிழில் சொல்வாள். நான் அதை இலக்கண வாக்கியம் போலப் பிரித்துக் கேள்வி கேட்பேன். “எல்லை” என்பதன் வரையறையை நாங்கள் இப்படி அமைத்துக்கொண்டோம்: நீ எவ்வளவு சிறிய பிழையைக் குறித்தாலும், விடை அந்தப் பிழைக்குள் அடங்கும்படியான ஒரு நெருக்கத்தை என்னால் காட்ட முடியும். முதலில் யார் பேசுகிறார்? “நீ.” பிறகு யார்? “நான்.” வரிசை மாறலாமா? “மாறக் கூடாது.” எப்சிலன், டெல்டா என்று மாணவர்கள் அஞ்சும் பாடம் இதுவே என்று ஆசிரியர் பின்னர் சொன்னார். எனக்கு அச்சம் தோன்றவில்லை. அது கணக்கு என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கீழ்ப்படிக்கு இறங்கலாமா என்பதையும் பேசினோம். முடிவை நான் சொல்லவில்லை. கடைசித் தேதியை மட்டும் இருவரும் குறித்து வைத்துக்கொண்டோம். அடுத்த தேர்வில் ஐம்பத்தெட்டு. அந்தத் தேதி வந்தது. அவள் 137இலேயே இருந்தாள். 2025 ஏப்ரலில் எழுபத்தொன்று பெற்றுத் தேறினாள். வகுப்பில் முதல் அல்லள். முதலுக்கு அருகிலும் அல்லள். 135இல் இருந்திருந்தால் இதைவிட மிகுந்த மதிப்பெண் வாங்கியிருக்கலாம். அதை அவளும் அறிவாள், நானும் அறிவேன். அவளுடைய தோழி ஒருத்தி 135, 136 இரண்டையும் நன்கு முடித்து உயிரியல் துறைக்கு மகிழ்வோடு சென்றிருக்கிறாள். அவளும் சரியாகவே தெரிந்தெடுத்திருக்கிறாள்.

தேர்வு முடிவு வந்த அன்று மருமகளிடம், “ஓராண்டில் என்னம்மா கற்றாய்?” என்று கேட்டேன். தொகையிடல், தொடர்கள் என்று ஏதேனும் சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

“மாமா, ‘எல்லோரும் இப்படித்தான்’ என்று ஒருவர் சொன்னால், அது தவறு என்று காட்ட எல்லோரையும் கூட்டிவர வேண்டியதில்லை. இப்படியில்லாத ஒரே ஒருவர் போதும். இதைத்தான் முதல் மாதத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நம் குடும்பத்துக்குக் கணக்கு வராது என்றீர்களே, அதை அன்றைக்கே இப்படித் தவறென்று காட்டியிருக்கலாம். எனக்குத்தான் அப்போது தெரியவில்லை” என்றாள்.

தங்கள் வீட்டிலும் பிள்ளைகள் வந்து கேட்பார்கள். பிளஸ் ஒன் குரூப்பாக இருக்கலாம். கல்லூரிப் பாடமாக இருக்கலாம். வெளிநாட்டில் ஒரு கணித வகுப்பாக இருக்கலாம். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்தவரிடம் அவர்களோடு சேர்ந்து செல்லுங்கள். திண்ணையில் அமர்ந்து கேளுங்கள். நம் அச்சத்தை மட்டும் அறிவுரை என்று பெயரிட்டு அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டாம்.

என் மகள் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். குரூப் பற்றி இன்னும் கேட்கவில்லை. கேட்கும் நாளுக்காக அந்த ஐந்து கேள்விகளை எழுதிய தாளை ஃபராயிழ் கிதாபுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.